காவிரி டெல்டாவில் வீட்டு வரி: எங்கே போவது, எவ்வளவு வரும், எதைக் கையில் வைத்துக்கொள்வது

எங்கள் குடும்பத்தில் மூன்று வீட்டுக்கு வரி கட்டுகிறோம். ஒரு கிராம ஊராட்சியில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு, ஒரு பேரூராட்சியில் சித்தப்பா வீடு, ஒரு நகராட்சியில் அக்கா வாங்கிய பழைய வீடு. மூன்றும் காவிரிப் பாசனத்துக்குள்தான். பஸ் ஏறினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வரியின் கணக்கு, கட்டும் இடம், கேட்கும் காகிதம் எதுவும் ஒன்றுபோல் இல்லை. தாத்தா காலமான பிறகு பெயர் மாற்ற அலைந்ததில் தொடங்கி, அக்கா வீட்டு அளவைத் திருத்தியது வரை பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாக வீடு வாங்கியவர்கள், அப்பா பெயரில் இருக்கும் வீட்டை இப்போதுதான் கையில் எடுப்பவர்கள், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டுக்கு வரி கட்டுபவர்கள் ஆகியோருக்கு இது உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் சந்தை விலையை வைத்து யாரும் வரி போடுவதில்லை. வீடு எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறது, அவர்கள் பதிவேட்டில் எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது, எந்தத் தெரு, எதற்குப் பயன்படுகிறது என்பவைதான் தொகையைத் தீர்மானிக்கின்றன. அதனால் ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு வருது’ என்று விசாரிப்பதில் பெரிய பலன் இல்லை.

1. வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் வீட்டுக்கு வரி போடுவது உள்ளாட்சி அமைப்புதான். கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று நான்கு வகை. கிராமத்தில் ‘வீட்டு வரி’ என்பார்கள். மற்ற மூன்றிலும் ‘சொத்து வரி’. கிராம ஊராட்சிக்கு 1994 ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். மற்றவற்றுக்கு 1998 ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும், அதற்காக 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும்.

டெல்டாவில் தஞ்சாவூரும் கும்பகோணமும் மாநகராட்சிகள். மயிலாடுதுறை, சீர்காழி, நாகப்பட்டினம், வேதாரண்யம், திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் ஆகியவை நகராட்சிகள். பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், நன்னிலம், குத்தாலம், வேளாங்கண்ணி போன்றவை பேரூராட்சிகள். மற்றவை பெரும்பாலும் கிராம ஊராட்சிகள்.

இதில் ஏமாறுவது சுலபம். தபால் முகவரியில் ‘கும்பகோணம்’ என்று இருக்கும், வீடு பக்கத்து ஊராட்சியில் இருக்கும். பின்கோடு ஒன்றாக இருப்பதால் உள்ளாட்சியும் ஒன்றாகிவிடாது. சில இடங்களில் ஒரு தெருவின் இந்தப் பக்கம் நகராட்சி, வாய்க்கால் தாண்டினால் ஊராட்சி. எல்லையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கும்பகோணம் 2021 இல் மாநகராட்சியானபோது தனிப் பேரூராட்சியாக இருந்த தாராசுரம் அதற்குள் வந்தது. அதிராம்பட்டினம் அதே ஆண்டு பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளை இணைக்கும் பேச்சு வந்தாலே கிராமத்தில் மறியல் நடக்கிறதே, அதற்கு நூறு நாள் வேலை போய்விடும் என்பது ஒரு காரணம், வீட்டு வரி ஏறும் என்பது இன்னொரு காரணம். இரண்டுமே நியாயமான கவலைதான்.

இதைச் சரிபார்க்க வழி எளிது: பழைய வரி ரசீதை எடுத்து மேல் வரியைப் படியுங்கள். ரசீது இல்லையென்றால் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘சப்-டி’, அதாவது சார்பதிவு மாவட்டப் பெயருக்குப் பக்கத்தில் ஊராட்சியா நகராட்சியா என்று எழுதியிருப்பார்கள். அது பழைய பத்திரமாக இருந்தால் அதற்குப் பிறகு எல்லை மாறியதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காரைக்கால் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் கவனிக்க: அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். நாகூரிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் இங்கே சொல்லும் சட்டம், சதவீதம், இணையதளம் எதுவும் அங்கே செல்லாது. அங்கே காரைக்கால் நகராட்சியிலோ, திருநள்ளாறு, நிரவி போன்ற கொம்யூன் பஞ்சாயத்திலோ (அங்கத்திய கிராமப்புற உள்ளாட்சி) தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. கிராம ஊராட்சி வீடா? வேலை கொஞ்சம்தான், ஆனால் காகிதம் தேடணும்

கிராமத்தில் கூரை வீடா, ஓட்டு வீடா, தார்சு வீடா என்ற வகையும் பரப்பளவும் பார்த்து வரி போடுகிறார்கள். அதன்மேல் நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா. குடிநீர்க் குழாய் இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். நகரத்தோடு ஒப்பிட்டால் தொகை மிகச் சிறியது. எங்கள் ஓட்டு வீட்டுக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான் வருகிறது. அதனால்தான் பலரும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டு, வங்கிக் கடனுக்கோ மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கோ ரசீது கேட்கும்போது ஓடுகிறார்கள்.

போக வேண்டியது ஊராட்சி செயலரிடம். ஒன்றிய அலுவலகத்துக்கு, அதாவது பி.டி.ஓ. ஆபீசுக்கு, நேரே போனால் ‘செயலரைப் பாருங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். 2023 முதல் ஊராட்சி வரியையும் இணையத்தில் கட்டலாம். ‘விபி டாக்ஸ்’ என்ற அரசுத் தளம். வரி விதிப்பு எண் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. கைரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அந்தத் தளத்தில் அந்த ஆண்டு கட்டியதாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கைரசீது இருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். பதிவேட்டை கணினியில் ஏற்றியபோது கட்டிய வருஷங்களெல்லாம் பாக்கியாகக் காட்டிய கதை எங்களுக்கே நடந்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் துருப்பிடித்த குண்டூசி குத்தி வைத்திருந்த ரசீதுக் கட்டுதான் காப்பாற்றியது. அந்தக் கட்டில் ஒரு வருஷத்துத் தாள் கரையான் அரித்துப் போயிருந்தது. அந்த வருஷத்துப் பணத்தை மட்டும் மறுபடி கட்டினோம்.

கிராமத்தில் இன்னொரு வசதி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடும். வரி உயர்வு, கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை), வசூல், நிலுவைக் கணக்கெல்லாம் அங்கே கேட்கலாம். செயலர் பிடிகொடுக்காமல் இருந்தால் அங்கே மைக்கில் ஒரு தடவை கேட்டாலே போதும், மறுவாரம் வேலை நகரும்.

3. நகர்ப்புற வீடா? சதுர அடியை நீங்களே அளந்துவிடுங்கள்

அதிகப் பணம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நகர உள்ளாட்சிகளில் தெருக்களை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு சதுர அடி மதிப்பு வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு ஒன்று, உள்தெருவுக்கு ஒன்று. உங்கள் வீட்டின் தளப்பரப்பை அந்த மதிப்போடு பெருக்கி, கட்டடத்தின் வகை, வயது, பயன்பாடு எல்லாம் சேர்த்துத்தான் வரி வருகிறது. அரையாண்டுக்கு ஒரு தடவை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நோட்டீஸில் போட்டிருக்கும் தொகை அரையாண்டுக்கா முழு ஆண்டுக்கா என்று முதலில் பாருங்கள். வீடு விற்பவர் ‘வரி ரெண்டாயிரம்தான்’ என்று சொன்னால் அநேகமாக அரையாண்டுத் தொகையைத்தான் சொல்கிறார்.

2022 ஏப்ரலில் வந்த பொதுச் சீராய்வுதான் இன்றைய தொகைக்கு அடிப்படை. சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு உயர்வு இப்படி வைத்தார்கள்: 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்குமேல் 100. சென்னையின் பழைய பகுதியில் இதே அளவுகளுக்கு 50, 75, 100, 150 சதவீதம். 2011 இல் சென்னையோடு சேர்ந்த புறநகர்ப் பகுதிகளுக்கு மட்டும் நம்மூர் விகிதமேதான். ஆகவே மயிலாப்பூரில் ஃப்ளாட் வைத்திருக்கும் மாமா சொல்லும் கணக்கு மன்னார்குடிக்குப் பொருந்தாது. 2023 விதிகளின்படி ஆண்டுதோறும் 6 சதவீதம் அளவுக்கு உயர்த்தவும் வழி இருக்கிறது. அதனால் சென்ற வருஷத் தொகையையே மறுபடி கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

இப்போது அந்த எல்லைக்கோடுகளைப் பாருங்கள். கொத்தனார் கணக்கில் 6 சதுரம், 12 சதுரம், 18 சதுரம். 12 சதுரத்தை ஓரடி தாண்டினாலும் 50 சதவீதம் 75 ஆகிவிடும்.

அக்கா வாங்கியது டெல்டாவின் வழக்கமான நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி சமையல்கட்டு, பின்னால் கொல்லை. பதிவேட்டில் 1,300 சதுர அடி. வாசலிலிருந்து சமையல்கட்டுப் பின்சுவர் வரை 65 அடி, அகலம் 20 அடி, பெருக்கிப் போட்டுவிட்டார்கள். நடுவே 10க்கு 12 அடி முற்றம், மேலே வானம்தான், ஒரு தகரம்கூட இல்லை. கூரையில்லாத அந்த 120 சதுர அடியைக் கழித்தால் 1,180. பழைய அரையாண்டு வரி 1,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 75 சதவீத உயர்வில் அது 2,800. 50 சதவீதத்தில் 2,400. வருஷத்துக்கு 800 ரூபாய் வித்தியாசம். ஒரு முற்றத்துக்கு.

திருத்தச் செய்தது இதுதான்: ஒரு வெள்ளைத்தாளில் கையால் வரைபடம், ஒவ்வொரு சுவரின் நீள அகலத்தோடு, முற்றத்தில் நின்று மேலே பார்த்து எடுத்த இரண்டு போட்டோ, பத்திர நகல், கடைசி ரசீது, ‘மறு அளவீடு செய்து திருத்தித் தரவும்’ என்று ஆணையருக்கு ஒரு மனு. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். அதை வாங்காமல் வந்தால் மனு கொடுக்காத மாதிரிதான். வருவாய் ஆய்வாளர் டேப்போடு வந்து அளந்தார். அடுத்த அரையாண்டிலிருந்து சரி செய்தார்கள். அதற்கு முன்னால் கட்டியது கட்டியதுதான் என்றார்கள். அதனால் உங்கள் வீட்டில் முற்றம் இருந்தால் முதல் நோட்டீஸ் வந்த உடனேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆட்சேபத்துக்கு நோட்டீஸிலேயே கெடு போட்டிருக்கும்.

அளக்கும்போது இவற்றில் கண் வையுங்கள். மாடியில் துணி காயப்போடப் போட்ட தகரக் கொட்டகையை அறையாகச் சேர்த்திருக்கிறார்களா? கொல்லையில் இடிந்த மாட்டுத்தொழுவம் இன்னும் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறதா? வாசல் அறையில் முன்பு யாரோ தையற்கடை வைத்திருந்து, அது இன்னும் ‘வணிகம்’ என்றே இருக்கிறதா? கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் விகிதம் வேறு. 2022 இல் நம் பக்கத்து வணிகக் கட்டடங்களுக்கு அளவு எதுவானாலும் 100 சதவீதம் ஏற்றினார்கள். கடை மூடியாகிவிட்டதென்றால் போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். இதையே திருப்பியும் சொல்ல வேண்டும்: வீட்டுத் திண்ணையில் மாவு மில் போட்டுவிட்டு வீட்டு வரியே கட்டிக்கொண்டிருந்தால், பிடிபடும்போது சேர்த்துக் கேட்பார்கள்.

உங்கள் தெரு எந்த மண்டலம், சதுர அடிக்கு எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டால் சில இடங்களில் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் வரவேண்டும். பத்து ரூபாய்க்கு இதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை.

4. கோயில் மனை, மடத்து மனை வீடுகள்

வெளியூர்க்காரர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. டெல்டாவில் அடிமனை கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தமாக இருக்கும், மேலே இருக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. அப்படிப்பட்ட தெருக்கள் ஏராளம். கோயிலுக்கு நீங்கள் கட்டும் அடிமனை வாடகை வேறு, உள்ளாட்சிக்குக் கட்டும் வரி வேறு. ஒன்றைக் கட்டினால் இன்னொன்று தீராது. இரண்டு ரசீதும் தனித்தனியாக வேண்டும்.

வாங்குகிறவருக்கு என் எச்சரிக்கை: விற்பவர் முப்பது வருஷ வரி ரசீதை அடுக்கிக் காட்டுவார். அது கட்டடத்துக்கு வரி கட்டியதற்குத்தான் ஆதாரம், மனைக்கு உரிமை இருப்பதற்கு அல்ல. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கமும் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்க முடியும். பட்டாவில் கோயில் பெயர் இருந்தால் பத்திரப்பதிவே நின்றுபோகும், அதோடு வரிப் பெயர் மாற்றமும் தொங்கும். இத்தனைக்கும் பிறகு ‘எல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அனுமதியில்லாமல் கட்டிய வீட்டுக்கும் இதே பாடம். வரி போட்டுவிட்டதால் கட்டட அனுமதி கிடைத்ததாக ஆகாது.

5. பெயர் மாற்றம்: நாலு வாசல், நாலும் தனித்தனி

பத்திரம் சார்பதிவாளரிடம், பட்டா வட்டாட்சியர் அலுவலகத்தில், வரி உள்ளாட்சியில், மீட்டர் மின்வாரியத்தில். ஒரு வாசலில் பெயர் மாறினால் மற்ற மூன்றிலும் தானாக மாறிவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பத்திரம் முடித்துப் பத்து வருஷம் ஆகியும் வரி பழைய சொந்தக்காரர் பெயரில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என எதுவானாலும் அந்தப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பாக்கியில்லாத கடைசி வரி ரசீது, ஆதார் நகல், விண்ணப்பம், இவ்வளவுதான் அடிப்படை. பட்டா இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். நத்தம் மனையாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாக, இருந்தால் நத்தம் பட்டா.

பத்திரம் எதுவும் எழுதாமல் பெரியவர் காலமாகிவிட்டால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவை. வாரிசுச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். ஆவணத்தை கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து வட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும். எங்களுக்குத் தாமதமானது ஒரு சின்ன விஷயத்தில்: இறப்புச் சான்றில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியல் வரிப் பதிவேட்டில் இல்லை. அதற்கு ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு சான்று. இப்போதே உங்கள் வீட்டுப் பெரியவரின் பத்திரம், ஆதார், வரி ரசீது, மின் அட்டை நான்கையும் மேசையில் பரப்பி, பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அவர் இருக்கும்போது அவர் கையெழுத்திலேயே திருத்தி முடித்துவிடலாம்.

வாரிசுகள் பலர் என்றால், ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்ற மற்றவர்கள் சம்மதம் கேட்பார்கள். துபாயில் இருக்கும் தம்பி அடுத்த தீபாவளிக்குத்தான் வருவான் என்றால், எல்லா வாரிசுகள் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லிவிடுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம். பாகப்பிரிவினையில் வீட்டை இரண்டாகப் பிரித்தால், புது எண் ஒன்று வாங்கும்போது பழைய எண்ணின் பரப்பளவைக் குறைத்துப் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அண்ணன் எண்ணில் முழு வீடும், தம்பி எண்ணில் பாதி வீடும் நின்று, ஒன்றரை வீட்டுக்கு வரி வரும்.

பெயர் மாற்றக் கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். எவ்வளவு கொடுத்தாலும் அதற்கு ரசீது கேளுங்கள். ரசீதில்லாத தொகை ஒன்றும் பக்கவாட்டில் வரும், ‘டீ செலவு’ என்ற பெயரில். கொடுக்காமலும் முடியும், கொஞ்சம் பொறுமையும் நகலில் முத்திரையும் வேண்டும். இழுத்தடித்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி மையத்துக்கு, 1100 என்ற எண்ணில், போன் செய்து பதிவு எண் வாங்குங்கள். பதிவு எண் விழுந்த மனுவுக்கு அலுவலகம் பதில் எழுதியே ஆக வேண்டும். அதனால்தான் அதற்கு வேகம் அதிகம்.

6. எப்போது போவது, எப்போது கட்டுவது

நகர உள்ளாட்சிகளில் அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள் என்று அர்த்தம். 2,400 ரூபாய் வரிக்கு 120 ரூபாய் மிச்சம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி, அதாவது அதே தொகைக்கு மாதம் 24 ரூபாய். பார்க்கச் சின்னதுதான். ஆனால் பாக்கி இருக்கும் எண்ணில் பெயர் மாற்றம், அளவுத் திருத்தம் எதையும் தொடமாட்டார்கள். உண்மையான நஷ்டம் அங்கேதான்.

இணையத்தில் கட்டுவதென்றால் ‘டிஎன் அர்பன் இ-பே’ தளம். சென்னைக்கு மட்டும் தனி. ஊக்கத்தொகை கழிந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாம் தனித்தனி வரிகளாகக் காட்டும்; ஒன்றைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று மூடிவிட வேண்டாம். வரி கட்ட உரிமையாளர்தான் வரவேண்டும் என்பதில்லை, எண் தெரிந்த யாரும் எங்கிருந்தும் கட்டலாம்.

அலுவலகத்துக்கு நேரில் போகும் வேலைகளுக்கு, மார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். வசூல் இலக்கை முடிக்க பில் கலெக்டர்கள் எல்லாரும் தெருவில் இருப்பார்கள், மேசையில் ஆள் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். பட்டாவில் பிழை இருந்தால் மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்து அதை முதலில் முடித்துக்கொண்டு, பிறகு வரிக்கு வாருங்கள். மறு அளவீடு வேண்டுமென்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் கேளுங்கள். கொல்லையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது யாரும் டேப் பிடிக்க வரமாட்டார்கள்.

7. இடிந்த வீடும் பூட்டிய வீடும்

வீடு இடிந்தால் வரி தானாக நிற்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் அடித்துப்போட்ட வீடுகளில், பதிவேட்டில் மட்டும் நின்றுகொண்டிருந்தவை உண்டு. இடித்த தேதி, போட்டோ, வரி எண்ணோடு எழுதிக் கொடுத்து நீக்கச் சொல்ல வேண்டும். நகரப் பகுதியில் கட்டடம் நீங்கியபின் காலிமனை வரி வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் புது வீடு கட்டினால் பழைய எண்ணை ரத்து செய்யாமல் புது எண் வாங்காதீர்கள்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வேறு தொல்லை. நோட்டீஸை பக்கத்து வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் வரி எண்ணோடு உங்கள் கைப்பேசி எண்ணை இணையுங்கள். பதிவில் ஏற்கெனவே எந்த எண் இருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் ஓட்டு வீட்டுக்கு, எப்போதோ வரி கட்டிக்கொடுத்த பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் எண்தான் இருந்தது. செயலரிடம் ஆதார் நகலோடு ஒரு தாள் எழுதிக் கொடுத்தோம், அன்றைக்கே மாற்றிவிட்டார்.